பொம்மைக்கு எதுக்கு நட்சத்திரம்

மூஞ்சிய மூடச் சொல்றியாக்கா? அதுக்கு மூச்சே கெடையாது, மூடுனா இன்னா, தொறந்தா இன்னா. பயப்படாத, ரப்பர் பொம்மை. தொட்டுப் பாரு. கண்டக்டரு கைக்கொழந்தன்னு நெனச்சி அந்தாள எழுப்பி உட்டு எனக்கு சீட்டு குடுத்தாரு. நானும் வாயத் தொறக்கல. சித்தூர்லேந்து திருப்பதி வரிக்கும் யாரு நின்னுக்கினே வர்றது?

நர்சுக்கா நானு, கன்னிகா. பிரசவ வார்டு. இன்னிக்கி திருப்பதியில எனக்குப் பரீட்ச, இந்த மாதிரி பொம்மைய வெச்சித்தான். பொறந்த கொழந்த மூச்சு உடலன்னா தொடச்சி, முதுகத் தேய்க்கணும். அப்பவும் இல்லன்னா மூக்கு வாய் மேல மாஸ்க்க வெச்சி, பைய அமுக்கிக் காத்து குடுக்கணும். எல்லாம் ஒரே நிமிசத்துல. ரெண்டு வாட்டி பெயிலு. இன்னிக்கும் போச்சின்னா பிரசவ வார்டு கெடையாது, சக்கர நோயாளிங்க விரல்ல ஊசி குத்திக்கினு ஒக்காரணும்.

அமுக்கத் தெரியாமலா? பதினாறு வருச சர்வீசு. கடியாரந்தாங்க்கா கெடுத்துச்சி. நம்ம பக்கம் புள்ள வெளிய வந்தா, ஆணா பொண்ணான்னு கேக்க மாட்டாங்க, டைம் இன்னான்னு கேப்பாங்க. ஜாதகம். ஒரு நிமிசம் தப்பா சொல்லிட்டா நட்சத்திரமே மாறிப்போச்சின்னு சண்டைக்கு வருவாங்க. அதனால தல தெரிஞ்சதுமே என் கண்ணு செவுத்துக்குப் போயிடும். போன வாட்டி பொம்மைய கையில வாங்கனதும் இன்னா பண்ணேன் தெரியுமா? பத்து நாப்பத்திரண்டு, எழுதிக்கோங்கன்னேன். சொல்லிக் குடுக்கற சபீனா மேடம், என்னியவிட சின்னவ, சிரிக்கவேல்ல. பொம்மைக்கு எதுக்குக்கா நட்சத்திரம், மொதல்ல மூச்சக் குடுங்கன்னா.

நாயந்தான? சனீஸ்வரன் கூட ஏழரை வருசம் டைம் குடுக்கறாரு. மூச்சு ஒரு நிமிசத்துக்கு மேல குடுக்காது. உசுரு நின்னாத்தான் ஜாதகம். இல்லன்னா அது வெறும் பேப்பருக்கா.

ஒரு வாரமா வாச்ச கழட்டி வெச்சிட்டேன். வீட்டு கடியாரத்த துணி போட்டு மூடிட்டேன். எங்க வீட்டுக்காரரு எப்ப துன்றது, எப்ப தூங்கறதுன்னு தெரியாம முழிச்சிக்கினு கீறாரு.

இன்னா கேட்ட? நெசக் கொழந்தைக்கு அப்படி ஆச்சான்னா?

ஆச்சிக்கா. ஆடி மாசம். பங்காருபாளையத்துப் பொண்ணு, வெங்கடலட்சுமி. டைம சரியா பாத்து எழுதிட்டுத் திரும்பறதுக்குள்ள கொழந்த நீலமாயிடிச்சி. அப்புறம் எவ்ளோ அமுக்கியும் வரல. வயித்துலியே போயிடிச்சிம்மான்னு சொல்லிட்டேன். அவ என் கையப் புடிச்சிக்கினு, நீ இன்னாக்கா பண்ணுவன்னு எனக்கு ஆறுதல் சொல்றா.

பரீட்ச முடிஞ்சி நேரா அவ வூட்டுக்குத்தான் போறேன். பாஸானா போலாம்னு இருந்தேன். இல்லக்கா, பெயிலானாலும் போறேன். பொறந்தப்ப நெஞ்சு துடிச்சிக்கினுதான் இருந்துச்சின்னு அவளுக்குச் சொல்லணும்.