பாலகுமார் மாட்டிக்கினு ஆடுன பூட்ஸ்

அந்த ஸ்டூல்ல வேணாம்மா, கிரீஸ் ஒட்டிக்கும். இந்தச் சேர்ல உக்காரு. அடுகோடில லேத்து வொர்க்‌ஷாப்னா சத்தம் இருக்கத்தான் செய்யும், ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. வைஷ்ணவிதானே? ஃபுட்பால் கிளப்புலேருந்து நேத்து ஃபோன் பண்ணது நீதானே?

ஆமா, முனிராஜ் நான்தான். செத்துப்போன உங்க சி.இ.ஓ. பாலகுமார் மேடைக்கு மேடை சொல்லிக்கினு இருந்தானே, என் ஃபிரண்டு முனிராஜ் பூட்ஸ் குடுத்தான், அதனாலதான் நான் ஆளானேன்னு. அந்த முனிராஜ். சனிக்கிழமை நினைவுக் கூட்டத்துல கண்ணாடிப் பெட்டில வைக்க அந்தப் பூட்ஸ் வேணும்ன, அதானே? தரேன். மொதல்ல காபியக் குடி.

சாவுக்கு வந்திருந்தேன்மா. நீ பாத்திருக்க மாட்ட, கடைசில நின்னுக்கினு இருந்தேன். உங்க டீம்ல ஆடுற நைஜீரியாக்காரன் ஒருத்தன், ஆறரை அடி ஆளு, தேம்பித் தேம்பி அழுறான். நான் போனா யாரு வருவா? இதோ, லேத்துல நிக்கிறவங்க ரெண்டு பேரு வருவாங்க, அதுல ஒருத்தன் லீவு கெடச்சுதுன்னு குஷியா வருவான். அங்கயே வயிறு எரிஞ்சுது எனக்கு. பொணத்தப் பாத்து வயிறு எரியறவன் இருக்கானான்னு கேட்டா, இருக்கான், உன் எதிர்லதான் உக்காந்திருக்கான்.

எழுதிக்கோ, பரவால்ல. பொறாமைதான். இந்த வயசுல மறைச்சு என்ன ஆவப்போவுது.

அல்சூர் பக்கம் ஒரே சந்தும்மா நாங்க. ரெண்டு பேருமே லெஃப்ட் விங். அவனவிட நான்தான் வேகம், அத மறக்காம எழுது. பத்தொம்பது வயசுல ஒரு ஃபேக்டரி டீமுக்கு செலக்‌ஷன் வந்துச்சு. லெஃப்ட் விங்குக்கு ஒரே ஆளு, எடுத்தாங்கன்னா பர்மனென்ட் வேல. அவன் அதுவரைக்கும் வெறுங்கால்ல ஆடுனவன். பூட்ஸ் இல்லாட்டி கிரவுண்டுக்குள்ள விடமாட்டாங்க. எங்கிட்ட ரெண்டு ஜோடி இருந்துச்சு. அன்னிக்குக் காலைல வாசல்ல வந்து நிக்கிறான், வாயத் தொறந்து கேக்கக்கூட இல்ல. இருடா எடுத்தாறேன்னு உள்ள போனேன். வர ஒரு அஞ்சு நிமிஷம் ஆச்சு. பழைய ஜோடியக் குடுத்தேன்.

அப்போ இந்த பிளாஸ்டிக் அடியெல்லாம் ஏது. வழுக்காம இருக்க அடில குமிழ் குமிழா தோல் ஸ்டட்ட ஆணி வெச்சு அடிச்சிருப்பாங்க, ஆட ஆட ஆணி உள்ளாற ஏறி வந்துரும். அதனால பூட்ஸ் போடறவன் எவனா இருந்தாலும் மொதல்ல கைய உள்ள விட்டுத் தடவிப் பாப்பான். இன்னிக்கும் என் பேத்திக்கு ஸ்கூல் ஷூ மாட்டறதுக்கு முன்னாடி விரல விட்டுப் பாப்பேன், அது சிரிக்கும். வெறுங்கால்ல ஆடுனவனுக்கு அந்தப் பழக்கம் எங்க இருக்கப்போவுது?

என்ன ஆச்சா? ரெண்டு கோல் போட்டான். அவன எடுத்துக்கினாங்க. என்னை ரிசர்வ்லகூட வெக்கல.

அப்புறம் உனக்குத் தெரிஞ்சதுதான். பிளேயர், கோச்சு, மேனேஜர், கோட்டு சூட்டு. கிளப்ப மூடப்போறாங்கன்னு ஆனப்போ ஒவ்வொரு ஆபீசா ஏறி எறங்கி நிக்க வெச்சான். பொம்பளப் புள்ளைங்களுக்கு டீம் ஆரம்பிச்சு எங்க சந்துலேருந்தே நாலு பேர எடுத்தான். நல்லவன்னு சொல்ல வாய் வரல, இல்லன்னு சொல்லவும் முடியல, அதுதான் பெரிய பேஜார். வருஷா வருஷம் இன்விடேஷன் வரும், மொத வரிசைல சீட்டு. ஒரு தடவகூட நான் போனதில்ல. டிவில பூட்ஸ் கதைய ஆரம்பிச்சான்னா சேனல மாத்திருவேன்.

ஏன்னா கேக்குற? அந்தப் பொட்டியத் தொற.

அன்னிக்குச் சாயங்காலமே பாலிஷ் போட்டுக் கொண்டாந்து குடுத்தான். நான் தொடல, பரண்ல தூக்கிப் போட்டேன். நாப்பத்திமூணு வருஷம் கழிச்சு, நேத்து நீ ஃபோன் பண்ண அப்புறம்தான் எறக்குனேன். பழக்கம் விடுமா, விரல் தானா உள்ள போயிருச்சு.

எடது காலு, கட்டவிரல் படற எடம். நீயும் தொட்டுப் பாரு. பயப்படாத, குத்தாது. கல்லால அடிச்சு ஆணிய மடக்கி, மேல ஒரு தோல் துண்ட ஒட்டியிருக்கான் பாரு. அப்படியே திருப்பி அடியப் பாரு, அந்த ஆணி மண்டைல மட்டும் சுத்தியல் பட்ட தடம் இருக்கும். அது அவனுக்குப் புரியாம இருக்காது. தெரிஞ்சேதான்மா இத்தன வருஷமும் என் பேர மேடைல சொல்லியிருக்கான்.

உள்ள போய் அஞ்சு நிமிஷம் ஆச்சுன்னேன்ல, அப்போ என் நைனாவோட சுத்திய எடுத்து அந்த ஆணிய நான்தான் தட்டி ஏத்துனேன்.

எடுத்துக்கினு போம்மா. சனிக்கிழமை வரேன். மொத வரிசை மட்டும் வேணாம், கடைசில ஒரு சேர் போடச் சொல்லு.