கருநீலக் காரின் பின் சீட்டில் நான் இருந்தது பற்றி

என் பெயர், வயது, விலாசம் மேலே எழுதியிருக்கிறபடி சரி. ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன், கைநாட்டு வேண்டாம், கையெழுத்தே போடுவேன். என் பெரிய பேரன் குடிநீர் வாரியத்தில் இன்ஜினியர். அடுத்தவன் கப்பலில் சமையல் பிரிவுக்கே தலைவன். மகள் வயிற்றுப் பேத்தி பல் டாக்டர், போன வருஷம்தான் சொந்தமாகப் போர்டு மாட்டினாள். அவள் தம்பி நீச்சலில் மெடல் வாங்கி, அதைக் கழற்றாமலே தூங்கியவன். இதெல்லாம் வழக்குக்கு வேண்டாம் என்று எழுதுகிற அதிகாரி அம்மா சொன்னார்கள். வேண்டும் என்றேன், ஏனென்றால் ஐந்தாவதாகச் சொல்ல வேண்டிய பேத்திதான் இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைச் சின்னவள் என்று கூப்பிடுவோம். வாடகைக் கார் ஓட்டுகிறாள். அவள் ஓட்டிய வண்டிகள் மேல் இதுவரை ஒரு கீறல் கிடையாது.

ஊரிலேயே பெரிய ஹோட்டல் ஒன்று, உயர்ந்த ரகக் கார் சொந்தமாக வைத்திருந்தால் தங்கள் விருந்தாளிகளை ஏற்றி இறக்கும் வேலையை அவளுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறது. புதுசு வாங்க வழியில்லாததால் பழைய கார் தேடிக்கொண்டிருந்தோம். பெயரில் போலீஸ் புகார் இருந்தால் வேலை கிடையாது என்றும் ஹோட்டலில் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் யாரும் கூப்பிடாமலே நான் சாட்சி சொல்ல வந்தேன்.

சம்பவத்தன்று காலை நானும் சின்னவளும் பழைய கார் விற்கும் அந்தக் கடைக்குப் போனோம். கருநீலக் கார் ஒன்று கூரைக்குக் கீழே நின்றது. டை கட்டிய தம்பி ஒருவர், அங்கே விற்பனை பார்க்கிறவர், எங்களிடம் வந்து பேசினார். சின்னவள் பானெட் மேல் கையை வைத்து எஞ்சின் குளிர்ந்து இருக்கிறதா என்று பார்த்தாள். அதன் பிறகு சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக்கறை தேடினாள், வெள்ளத்தில் நின்ற வண்டி அங்கேதான் மாட்டிக்கொள்ளும் என்பாள். அதன் பிறகு டிக்கியின் விரிப்பைத் தூக்கி முகர்ந்தாள். "என்ன சிஸ்டர், மாமியார் மருமகளைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறீங்க?" என்று அந்தத் தம்பி கேட்டார். "மாமியாரா இருந்தா இந்நேரம் நாலு குறை சொல்லியிருப்பேனே" என்றாள் இவள்.

அதன் பிறகு நான் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அதை அந்தத் தம்பி கவனிக்கவில்லை. எந்தக் கார் பார்க்கப் போனாலும் முன்பக்கம் அவள் பொறுப்பு, பின்பக்கம் என் பொறுப்பு, அது எங்கள் ஏற்பாடு. கதவைச் சாத்தியதும் தெருச் சத்தம் மொத்தமும் நின்றுபோனது, தண்ணீருக்குள் முங்கினால் காது அடைக்குமே, அப்படி. சீட் என்னை உள்ளே வாங்கிக்கொண்டது. கறுப்புக் கண்ணாடிக்குள் நுழைந்த காலை வெயில் சாயங்கால வெயிலாகி என் மடியில் விழுந்தது. தூங்கவில்லை என்று சொல்ல ஆசைதான். பாதி தூங்கினேன்.

அந்தப் பாதியில் கண்டதையும் கேட்டதையும் அப்படியே சொல்கிறேன். "இந்தாங்க சாவி சிஸ்டர், மெயின் ரோடு தாண்டி நல்லா ஓட்டிப் பாருங்க, அவசரமே இல்ல" என்று ஒரு குரல் கேட்டது. அதன் பிறகு நீல மீன் ஒன்று முன் ஜன்னல் வழியாக உள்ளே தலையை நீட்டியது. கண்ணாடி மேலே ஏறியது, மீன் அதில் மாட்டிக்கொண்டு துள்ளியது. யாரோ சிரித்தார்கள். கண்ணாடி இறங்கியதும் மீன் போய்விட்டது. அதன் பிறகு மரங்கள் நகர்ந்தன. என் பேரப்பிள்ளைகள் ஐந்து பேரும் சின்னஞ்சிறுசுகளாகக் காருக்குப் பக்கத்தில் சத்தமே இல்லாமல் ஓடி வந்தார்கள். பல் டாக்டர் பொக்கை வாயைக் காட்டிச் சிரித்தாள். சின்னவள் எல்லோருக்கும் முன்னால் ஓடினாள். பிள்ளைகள் ஓடியது கனவு. அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கண் விழித்தபோது வண்டி ஏரிக்கரையில் ஒரு மரத்தடியில் நின்றது. சின்னவள் வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "வந்து சேர்ந்துட்டோமாடி?" என்று கேட்டேன். "எங்க பாட்டி சேர்றது? சூடானதும் அணைச்சுட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன், மாட்டேங்குது. துரைக்குச் சூடு ஆறணுமாம்" என்றாள். அப்படிச் சோதிப்பது அவள் வழக்கம். கடைக்குச் சொல்ல எங்களிடம் போன் இல்லை. என்னுடையது வீட்டில், அவளுடையது கடை மேஜையில் சார்ஜில். கார் திருடப் போகிறவள் தன் போனைக் கடையிலேயே சார்ஜ் போட்டுவிட்டுப் போவாளா என்று அதிகாரிகள் யோசிக்க வேண்டும். வண்டி டிக், டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது. பானெட் மேல் இலைகள் விழுந்தன. ஏரி அசையவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நேரம் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தாலும் எனக்கு வருத்தமில்லை.

அதன் பிறகு வண்டி கிளம்பி, மதியத்துக்கு மேல் கடைக்குத் திரும்பினோம். அந்தக் காரை வேறொருவருக்குப் பேசி முடித்திருந்த கடை முதலாளி வாசலிலேயே நின்று கத்தினார். டை கட்டிய தம்பி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் சாவியே கொடுக்கல சார், அவங்களா எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றார். அதன் பிறகு நான் பின் கதவைத் திறந்து இறங்கினேன். அந்தத் தம்பி தரையைப் பார்த்தார். "தூங்கி வழிஞ்சுக்கிட்டு வர்ற பாட்டிக்கு என்ன தெரியும்?" என்றார் முதலாளி. அன்றே சின்னவள் மேல் கார் திருட்டு என்று புகாரும் கொடுத்துவிட்டார். மீன் பொய் என்றால் சாவி கொடுத்த குரலும் பொய்யாக இருக்கலாமே என்று அப்போது எனக்கே சந்தேகம்.

இன்று ஸ்டேஷனில் அந்தத் தம்பியை எனக்கு எதிரே உட்கார வைத்தார்கள். அன்று கட்டியிருந்த அதே நீல டை. அதன் நடுவில் குறுக்காக, ஜன்னல் ரப்பரின் கறுப்புக் கோடு. அப்போதுதான் மீன் எது என்று எனக்குத் தெரிந்தது. சின்னவள் ஜன்னல் பட்டனைச் சோதித்தபோது அவர் உள்ளே குனிந்திருக்கிறார். சாவி போடாமல் அந்தக் கண்ணாடி ஏறாது, அதிகாரி அம்மா வண்டியிலேயே பார்த்துக்கொள்ளலாம். அப்படியென்றால் சின்னவள் சாவி போட்டதை அவர் பக்கத்தில் நின்றே பார்த்திருக்கிறார். "தம்பி, வேலை போயிடும்னு பயந்துட்டீங்க, அவ்வளவுதானே?" என்று கேட்டேன். அவர் டையைக் கழற்றிச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். உண்மை என்று சொன்னது உண்மை, கனவு என்று சொன்னது கனவு, ஒன்றை மற்றதாக்கிச் சொல்லவில்லை.

கையெழுத்துக்கு முன் ஒன்று சேர்க்கச் சொன்னேன். கடையின் கண்ணாடிக் கதவில், கேமராவில் விழுந்த சின்னவளின் படத்தை ஒட்டி, ‘ஜாக்கிரதை’ என்று எழுதியிருக்கிறார்கள். ஹோட்டல்காரர்கள் தினமும் போகிற தெரு அது. டிக்கிக்குள் தலையை விட்டு முகர்கிற படம், பார்க்கிறவர்களுக்கு வேறு மாதிரிதான் தோன்றும். அதைக் கிழித்தால் மட்டும் போதாது. பார்த்தவர்கள் பார்த்ததுதான். தலை வாரி, நல்ல சட்டை போட்டு, நேராகப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி அவளைப் புதிதாக ஒரு படம் எடுத்து, அதே கதவில், அதே உயரத்தில் ஒட்ட வேண்டும்.

(ஒப்பம்)