இரண்டாம் எண் சார்ஜரும் ஏழு வெள்ளிக்கிழமைகளும்

உங்கள் காபி ஆறுகிறது, முதலில் அதைக் குடியுங்கள். இந்தக் குளிரில் சார்ஜர் கம்பெனிக்காரர்கள் உங்களை மலைமேல் அனுப்பியிருக்கிறார்கள், கையில் அது நின்ற நேரங்களின் பட்டியல் வேறு. இரண்டாம் எண் சார்ஜர் ஏன் வெள்ளிக்கிழமைகளில் பாதியில் நின்றுபோனது என்பதுதானே கேள்வி? அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. தங்கமான சார்ஜர்.

மின்சார வண்டியை வெளியே சார்ஜரில் மாட்டிவிட்டு என் கடைக்கு வாஃபிள் சாப்பிட வருகிறவர்களுக்கு நான் அலுக்காமல் பாடம் எடுப்பேன். கேபிளைப் பனியில் புதைய விடாதீர்கள், பனி தள்ளும் வண்டி அதன்மேல் ஏறிவிடும். கதவைப் பூட்டினால் பிளக்கும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். கண்ணாடிக்குள் ஒரு சீட்டில் போன் நம்பரை எழுதி வையுங்கள். பாதிப் பேர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். ஹால்வர் ஒருவர்தான் ஒன்றையும் விடமாட்டார். கேபிளை ஒருமுறை இழுத்துக்கூடப் பார்ப்பார், பாவம்.

ஹால்வர் கிழக்குப் பள்ளத்தாக்கில் தச்சு வேலை செய்கிறவர். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. கணவாய்க்கு அந்தப் பக்கம், கடலோரத்தில், மாரிட் என்று ஒருத்தியைப் பார்க்க வெள்ளிக்கிழமைதோறும் போவார். நல்லவளாகத்தான் இருக்க வேண்டும், நான் பார்த்ததில்லை. வாஃபிளில் ஏலக்காய் போடமாட்டாளாம். அதை வைத்து ஒருவரை எடைபோடக் கூடாது என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

காற்று அடிக்கும் நாட்களில் கணவாயைத் தனியாகக் கடக்க விடமாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஸ்டைனாருடைய பனி தள்ளும் வண்டி முன்னே போகும், மற்றவை வரிசையாகப் பின்னே போகும். பிற்பகல் இரண்டு மணி வரிசைதான் கடைசி. கிளம்புமுன் ஒவ்வொரு வண்டியிலும் சார்ஜ் எவ்வளவு என்று எட்டிப் பார்ப்பார் ஸ்டைனார். பாதிக்குக் கீழே இருந்தால் அனுப்பமாட்டார்.

முதல் தடவை சார்ஜர் உண்மையாகவே குளிரில் தானாக நின்றது. ஹால்வர் வரிசையைத் தவறவிட்டார். சாயங்காலம் வரை என் கடையில் உட்கார்ந்து, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்து ஐந்து வாஃபிள் சாப்பிட்டார். ஆடிக்கொண்டிருந்த நாற்காலி ஒன்றைச் சரிசெய்தும் கொடுத்தார். அவ்வளவு சிரித்த ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு வெகுகாலமாக வாய்க்கவில்லை.

மற்ற ஆறும் நான் செய்தவை.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. நிறுத்தும் பொத்தான் சார்ஜரிலேயே இருக்கிறது, யார் அழுத்தினாலும் நிற்கும். பிளக் இருந்த இடத்திலேயே இருக்கும், ஜன்னல் வழியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. போன் சொல்லிவிடுமே என்பீர்கள். உள்ளே வருகிறவர்கள் போனை வாசல் கூடையில் போட்டுவிட வேண்டும் என்று ஜனவரியில் ஒரு விதி கொண்டுவந்தேன். அதனால் ஒருவரோடொருவர் முகம் பார்த்துப் பேசினார்கள், எல்லோரும் பாராட்டினார்கள். மற்ற மூன்று சார்ஜர்களும் தகராறு செய்யும் என்று ஹால்வரிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

"இருபத்திரெண்டு பர்சென்ட்டா? இதை வச்சுக்கிட்டு பாட்டு வேணா கேக்கலாம் ஹால்வர், மலை தாண்ட முடியாது" என்பார் ஸ்டைனார்.

"நல்லா இழுத்துப் பாத்துதானே மாட்டினேன்" என்று இவர் தலையைச் சொறிவார்.

"சரி விடுங்க, உள்ள வாங்க. வாஃபிள் கல்லு இன்னும் சூடாத்தான் இருக்கு" என்பேன் நான்.

யாருக்கும் ஒரு கீறல் விழவில்லை. அந்த வெள்ளிக்கிழமைகளில் அடித்த காற்றில் கணவாயைக் கடப்பதைவிட என் கடையில் இருப்பது பாதுகாப்புதானே.

பெரிய வெள்ளியன்று புது ஸ்வெட்டரும் ஒரு பை ஆரஞ்சுமாக வந்தார்.

"மாரிட் கண்டிப்பா சொல்லிட்டா, தோரா. ஈஸ்டருக்காவது வந்து சேரு, இல்லேன்னா இனிமே வரவே வேணாம்னு. வாராவாரம் சார்ஜரைச் சாக்கு சொல்றேனாம்."

"போய்த்தான் பாருங்களேன். போனதும் சமாதானம் ஆயிடுவாங்க."

"இன்னிக்குக் கேட்டுடப் போறேன்."

"என்னத்தை?"

"இந்த வயசுல வேற என்னத்தைக் கேப்பாங்க? கட்டிக்கிறியான்னுதான்." காது வரை சிவந்துவிட்டது அவருக்கு.

நல்லபடியாக நடக்கட்டும் என்று மனதார வாழ்த்தினேன். தட்டில் ஜாம் கொஞ்சம் கூடவே வைத்தேன். பிறகு வாசல் பனியை வழிக்க மண்வெட்டியோடு வெளியே போனேன். உங்கள் பட்டியலில் பன்னிரண்டு ஐம்பத்திரண்டு என்று இருக்கும். சரியான நேரம்தான்.

இரண்டு மணிக்கு வரிசை போய்விட்டது. ஹால்வர் படியில் நின்று போன் பேசினார், அதிக நேரம் பேசவில்லை. உள்ளே வந்து, போனைத் தானாகவே கூடையில் போட்டுவிட்டு, மேசையில் தலை கவிழ்ந்து அழுதார். எனக்கு மனசே கேட்கவில்லை. இன்னொரு வாஃபிள் வைத்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது, ஆளைக் காணோம். "மலைக்கு அந்தப் பக்கம் இனி அவருக்கு யாரு இருக்கா? எதுக்கு இந்த வழியா வரப் போறாரு?" என்கிறார் ஸ்டைனார். ஸ்டைனாருக்குப் பனியைப் பற்றித் தெரியும், மனிதர்களைப் பற்றி என்ன தெரியும்? ஹால்வர் வந்துகொண்டிருந்தது என் கடைக்கு. மாரிட்டைத்தான் சாக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது அவருக்கே புரியக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

எழுதிக்கொண்டீர்களா? எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. இரண்டாம் எண்ணில் நிற்பது உங்கள் வண்டிதானே? கொஞ்சம் எடுத்துவிடுங்கள், அவர் வருகிற நேரம்.