சுரங்களுக்கு ஊர்ப்பெயர் சூட்டிய சைனம்பு டீச்சர்

மழலையர் மனங்களில் மெல்லிசை விதைத்த மாண்பே! சிதம்பரத்தில் பாட்டுப் பயின்று, கடலூர் முதுநகரில் அதைப் பிள்ளைகளின் விளையாட்டாகவே மாற்றிய வித்தகரே! சலிப்பறியாச் சைனம்பு டீச்சரே! பணி நிறைவு பெறும் இந்நன்னாளில், தங்களோடு பணியாற்றிய நாங்கள் உவகையோடு வாசித்தளிக்கும் பாராட்டு மடல் இது.

அம்மையீர்!

மூன்று வயதுப் பிள்ளையை உட்காரவைத்துச் சரளிவரிசை சொல்லித்தருவது கடினம். பேருந்து ஓட்டச் சொன்னாலோ எந்தப் பிள்ளையும் மறுக்காது. இதைக் கண்டுகொண்டவர் தாங்கள். நாள்தோறும் சிதம்பரத்திலிருந்து வந்துபோன அந்த வழித்தடத்தையே வகுப்பறைக்குள் கொண்டுவந்து இறக்கினீர்கள். தரையில் சாக்பீஸ் வட்டங்கள். வட்டத்துக்கு ஓர் ஊர், ஊருக்கு ஒரு சுரம். கடலூர் ‘ச’, முதுநகர் ‘ரி’, குடிகாடு ‘க’, ஆலப்பாக்கம் ‘ம’, புதுச்சத்திரம் ‘ப’, முட்லூர் ‘த’, வண்டிகேட் ‘நி’, சிதம்பரம் போய்ச் சேர்ந்தால் மேல் ‘ச’! பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஊருக்கு ஊர் நின்று அந்தச் சுரத்தைப் பாடினார்கள். போகும்போது ஆரோகணம், திரும்பும்போது அவரோகணம். எல்லா ஊரிலும் நின்றால் அது டவுன் பஸ், சங்கராபரண ராகம். ஆலப்பாக்கத்திலும் வண்டிகேட்டிலும் நிற்காமல் பறந்தால் அது எக்ஸ்பிரஸ், மோகனம்!

பாடம் இப்படி இனிதே ஓடிக்கொண்டிருந்த நாளில்தான், எல்.கே.ஜி. ரூமானா நடுவழியில் நின்று அழுதாள். அவள் ஆலப்பாக்கத்துப் பெண்.

“எங்க ஊர்ல மட்டும் ஏன் டீச்சர் நிக்க மாட்டேங்குது? எங்க அத்தா எப்படி எறங்குவாங்க?”

வேறொருவராக இருந்தால் ராக இலக்கணம் சொல்லி அடக்கியிருப்பார். தாங்களோ தரையில் மண்டியிட்டு, “நின்னுடலாம்டா கண்ணு. ஆனா இது எக்ஸ்பிரஸ் ஆச்சே, வேற ஒரு ஊர வுட்டாகணும். எத வுடலாம்?” என்று கேட்டீர்கள்.

“குடிகாடு!” என்றாள் அவள், சற்றும் யோசிக்காமல்.

அப்படியே பாடினீர்கள். ச ரி ம ப த ச. ஆட்டம் பாட்டமாய் இருந்த பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். பிறகு ஒரு குரல்: “டீச்சர், இது வேற பஸ்ஸு!”

“ஆமா. இது பேரு சுத்த சாவேரி.”

குடிகாட்டிலிருந்து வரும் அருள்முருகன் விட்டானா? “அப்ப நான் நடந்தா போவேன்?” என்று அவன் வரிந்துகட்ட, அன்று தொடங்கிய சண்டை ஆண்டு முழுதும் ஓயவில்லை. தத்தம் ஊருக்காகப் பிள்ளைகள் போராடப் போராட, நம் பள்ளியில் ராகங்கள் ஒவ்வொன்றாய்ப் பிறந்தன!

ஆனால் பெருமைமிகு இப்பணி ஒருநாள் நின்றுபோகப் பார்த்தது. மேடையில் வீற்றிருக்கும் நம் தாளாளர் வைத்திலிங்கம் ஐயா அவர்களே இதையும் படிக்கச் சொல்லி அனுமதி தந்திருப்பதால் தயங்காமல் படிக்கிறோம். “எழுதச் சொன்னா ஹாரன் அடிக்குதுங்க சார்” என்று பெற்றோர் சிலர் முறையிட, அடுத்த மாதம் முதல் இசை நேரத்தில் அபாகஸ் வகுப்பு என்று ஐயா அறிவித்துவிட்டார். அந்த வேளை பறிபோனால் தாங்களும் போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆசிரியர் அறையில் அன்று எவரும் டீயைத் தொடவில்லை. தாங்கள் மட்டும் கலங்காமல் ஐயாவின் அறைக்குச் சென்றீர்கள்.

“சரிங்க சார். நிறுத்தறதுக்கு முன்னாடி ஒருவாட்டி நீங்களும் ஏறிப் பாத்துடுங்க.”

முறையிட்ட பெற்றோர் சுவரோரம் நிற்க, ஐயா வகுப்புக்குள் வந்தார். ரூமானா அன்று நடத்துநர்.

“சார், எந்த ஊரு?”

“புதுச்சத்திரம்மா.”

“அப்ப ‘ப’ பாடிட்டு எறங்குங்க.”

ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு, கம்பீரமாக ஒரு ‘ப’ பாடினார். சுருதி கொஞ்சம் கீழே நின்றது. தங்களைத் தவிரப் பெரியவர்கள் எவருக்கும் அது தெரியவில்லை. பிள்ளைகளுக்கோ ஒரே சிரிப்பு.

“சார், ஊரு வர்றதுக்கு முன்னாடியே எறங்கிட்டீங்க!”

“கொஞ்சம் முன்னாடி போங்க சார்... இன்னும்... இன்னும்...”

ஐயா குரலை மெல்ல மெல்ல ஏற்றினார். சுருதிப் பெட்டியோடு அது சேர்ந்த அதே நொடியில், வகுப்பு முழுதும் ஒரே குரலாய்க் கத்தியது: “புதுச்சத்திரம் வந்துடுச்சு!”

சுவரோரம் நின்ற ஒரு தாய் வாயைப் பொத்திக்கொண்டார். முறையீட்டில் முதல் கையெழுத்து அவருடையது. ஐயா வட்டத்துக்குள் நின்றபடியே சொன்னார்: “எனக்குக் கேக்காதது இதுங்களுக்குக் கேக்குது. அபாகஸ சாயங்காலம் வச்சிக்கலாம். வண்டி ஓடட்டும்மா.”

ஓடியது! இன்றுவரை ஓடுகிறது! அதில் ஏறிய பிள்ளைகள் எல்லோரும் பாடகர்கள் ஆகிவிடவில்லை. ஆகவேண்டும் என்று தாங்களும் எண்ணியதில்லை. ஆனால் கல்யாண வீட்டில் நாகசுரம் கேட்டால், சாப்பாட்டை நிறுத்திவிட்டு “இது எந்த வண்டி?” என்று காது கொடுக்கும் ஒரு தலைமுறையை இந்த வட்டாரத்துக்குத் தந்திருக்கிறீர்கள். அருள்முருகன் இன்று தவில் கற்கிறான். ரூமானா பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு நடுவிலும் இங்கே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாள்.

அன்புக்குரியீர்!

ஓய்வுக் காலத்தில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று நேற்றுக் கேட்டோம். “ஓய்வுன்னு யாரு சொன்னது? குறிஞ்சிப்பாடி அங்கன்வாடில வரச் சொல்லியிருக்காங்க. அந்த ரூட்ல எத்தன ஸ்டாப்புன்னு கொஞ்சம் விசாரிச்சு வைங்க” என்றீர்கள்.

விசாரித்துவிட்டோம், டீச்சர். ஏழு இல்லை, பன்னிரண்டு. ஏழு சுரங்களுக்குள் பன்னிரண்டு இடங்கள் உண்டென்று எங்களுக்குச் சொன்னவரே தாங்கள்தாம். ஆகவே நோயின்றி, நோவின்றி, குரல் வளம் குன்றாமல் நெடுங்காலம் வாழ்ந்து, ஓர் ஊரையும் விடாமல் பாடுங்கள்! அங்கே எந்தப் பிள்ளையும் இறங்க இடமின்றி அழவேண்டாம்!

பிரிய மனமின்றி, பெருமையோடு வழியனுப்பும்
ஆசிரியைகள், ஆயாக்கள், வேன் ஓட்டுநர்கள்
மழலையர் பள்ளி, கடலூர் முதுநகர்