பெருஞ்சபையின் எட்டு நிமிடம்

காபி ஆறிப்போனால் எனக்குப் பிடிக்காது, ஐயா. மற்றபடி எதற்கும் கோபப்படுகிற ஆள் இல்லை நான்.

ஜெனீவாவில் ஏரியைப் பார்த்து நிற்கும் ஐ.நா.வின் அந்த உலகநாட்டு மாளிகையை இருபத்திரண்டு வருடமாக உள்ளே நின்று படமெடுக்கிறேன். பெருஞ்சபையை ஆள் இல்லாமல்தான் எடுப்பேன். மாடத்தில் கேமரா முக்காலியை நிறுத்தி, ஷட்டரை எட்டு நிமிடம் திறந்து வைக்க வேண்டும். அப்போதுதான் கூரையின் பொன்பூச்சு வரைக்கும் துலங்கும். அதற்குள் யாராவது வந்து உட்கார்ந்தால் அவர் நிழலும் படத்தில் விழுந்துவிடும்.

முன்வரிசை முதல் நாற்காலி எந்த நாட்டுக்கு என்று வருடாவருடம் சீட்டுக் குலுக்குவார்கள். மற்ற நாடுகள் அகரவரிசையில் அதன் பின்னால் வரும். பெயர்ப்பலகைகளை மாற்றுவது தலைமைச் சேவகன் அலோயிஸ் தெவோவின் வேலை. இந்த வருடம் குலுக்கி ஒரு வாரமாகியும் அவன் மாற்றவில்லை. நானும் கவனிக்காமல் எடுத்துவிட்டேன். ஆண்டு மலரில் பழைய வரிசை அச்சேறியது. முதலிடம் பெற்ற நாடு கண்டனக் கடிதம் கொடுத்தது. அத்தனை மலரையும் அரைத்துக் காகிதக் கூழாக்கினார்கள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரியான படம் வரலன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்" என்றார் எங்கள் மேலதிகாரி அம்மாள்.

அலோயிஸைக் கேட்டேன். "போர்டு என் பொறுப்பு, படம் உன் பொறுப்பு. கண்ணு இருக்குல்ல உனக்கு?" என்றான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பொறுத்துக்கொண்டேன்.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு ஷட்டரைத் திறந்தேன். ஆறாவது நிமிடத்தில் அலோயிஸ் உள்ளே வந்தான். முதல் நாற்காலியில் சாய்ந்து, குரோசான் ரொட்டியைப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்தான். சேவகன் ஒரு நாட்டின் நாற்காலியில் இருப்பதாகப் படம் வந்தால் என் பிழைப்பு போயிற்று.

"எழுந்திரு அலோயிஸ்" என்றேன்.

"முட்டி வலிக்குதுய்யா ரோஷா. இருபத்திரண்டு வருஷமா எடுக்கிறியே, உன் படத்த எவன்யா பாக்கிறான்? அவனவன் தன் நாட்டு போர்டு இருக்கான்னுதான் பாக்கிறான்" என்று சிரித்தான்.

முக்காலி ஆடாமலிருக்கத் தொங்கவிடும் இரும்புக் குண்டு நாலு கிலோ. அதைக் கழற்றிக்கொண்டு படியிறங்கினேன். முதல் அடி பின்னந்தலையில். அந்தச் சபையில் சின்னச் சத்தமும் துல்லியமாகக் கேட்கும்; மண்டை உடைந்ததும் கேட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு, "ரோஷா, வேணாம்யா" என்றான். இரண்டாவது அடி வாயில். பல் கம்பளத்தில் விழுந்தது. அப்புறம் எண்ணவில்லை. ஒன்பது என்கிறார் உங்கள் போலீஸ் டாக்டர்; அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பலகையில் தெறித்ததைக் கைக்குட்டையால் துடைத்து, நேராக வைத்தேன்.

எல்லாம் படத்துக்காக. அதைத்தான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் அந்தச் செவ்வாய்க்கிழமைப் படத்தை என் முன்னால் தள்ளி, முதல் நாற்காலியில் விரலை வைக்கிறீர்கள். காலியாக இருக்கிறது. கூரை நன்றாகத் துலங்குகிறது. வரிசையும் சரி.

ஆமாம், ஐயா. எட்டு நிமிடமும் முடிந்து, ஷட்டரை மூடி, படம் நன்றாக வந்திருக்கிறதென்று பார்த்த பிறகுதான் அவன் உள்ளே வந்தான்.