ஒட்டுக்கு மேலே மண்

— இதுக்கு யாரு மண்ணு அணைச்சது, அக்கா?

— நாந்தான் அருளு. நீ காச்சல்ல கெடந்த இருவது நாளும் இதுக்குத் தண்ணி ஊத்துனது ஆரு? கத்திரிச் செடியெல்லாம் அடித்தண்டு தெரிய அம்மணமா நின்னுச்சு. மனசு கேக்கல தாயி. செடிக்கு ரெண்டு கை மண்ணு அள்ளி அணைச்சு விட்டேன்.

— எல்லாத்துக்குமா?

— கெழக்க அஞ்சு வரிசைக்கு. அதோட கை வலிச்சிருச்சு. ஏன்டி மொகம் இப்புடிப் போவுது?

— அந்த அஞ்சு வரிசைதான் எலை கருகி நிக்கிது. மேக்க பாருங்க, பூ வச்சிருக்கு.

— மண்ணு அப்புடி, தாயி. ஊரு மாட்டுத்தோலையெல்லாம் இங்க ஊறப்போட்டு, அந்த உப்புத்தண்ணியையும் சுண்ணாம்புத்தண்ணியையும் எத்தன வருசம் தொறந்து விட்டாங்க! அருகம்புல்லு மொளைக்காது. பாகம் பிரிச்சப்ப இதத்தான் ஓந் தலையில கட்டுனாங்க.

— போன வருசம் நட்ட கத்திரி ஒன்னுகூடத் தங்கல. அதனாலதான இந்த வருசம் சுண்டையில ஒட்டுக்கட்டுனேன்? இங்கிட்டு குனிங்க. மண்ண ஒதுக்குறேன். இந்த முண்டு தெரியுதா?

— வாழநாரு கட்டுன தழும்பு.

— அதுக்குக் கீழ சுண்டை, மேல கத்திரி. காய்க்கிறது கத்திரிதான். ஆனா மண்ணத் தொடுறது சுண்டை வேரு மட்டும். அது நஞ்ச மேல ஏத்தாம தன்னோடயே நிறுத்திக்கிரும். கண்டியில துரை பங்களாத் தோட்டத்துல, மருந்து கழுவி ஊத்துன எடத்துல, அவுக இப்புடித்தான் காய்க்க வச்சாக.

— எங் கொழுந்தன் அந்தோணிக்குக் கைராசி அப்புடி. கப்பலேறிப் போன புள்ள, பொணமாக்கூட வந்து சேரல.

— இப்பப் பாருங்க. முண்டுக்கு மேல, கத்திரித் தண்டுல, வெள்ளையா என்னது?

— வேரு மாதிரி இருக்கே.

— வேருதான். நீங்க மண்ணு அணைக்கவும் கத்திரி தானா வேரு விட்டு இந்த மண்ணுல வாய வச்சிருச்சு.

— மாதாவே! கத்திரிக்கு மண்ணு அணைக்காதவுக எந்த ஊர்ல இருக்காக?

— எல்லாரும் அணைக்கிறதுதான். இதுக்கு மட்டும் ஆகாது. இந்தாங்க கத்தி. மண்ண வழிச்சுட்டு மேல் வேர மட்டும் நறுக்குங்க. முண்டுல பட்டுறக் கூடாது.

— பொழைக்குமா?

— ரெண்டு நாளு வாடி நிக்கும். சுண்டை வேரு உசுரோட இருந்தாத் தூக்கி விட்ரும். பொழைக்கணும் அக்கா. ஆவூர்க் கோயில் தேருக்குள்ள இதுல காயி எறங்கலைன்னா, எடத்த அத்தான் போடப்போற செங்கச் சூளைக்கு விட்டுட்டுப் போயிர்றேன்னு அவருகிட்ட ஒத்துக்கிட்டேன். எங்க போவேன்? எங்காத்தாளும் இல்ல, அப்பனும் இல்ல. புள்ளையக் கையில புடிச்சுக்கிட்டு எந்த வாசல்ல நிப்பேன்?

— எனக்குத் தெரியாதா தாயி.

— நீங்க ஏன் அழுவுறீங்க? தெரியாம செஞ்சதுதான?

— ஒன்னுமில்ல. எம்மவன் லூர்து நெனப்பு. கப்பலுக்கு ஆளு எடுக்குற மண்டபம் கேம்புக்குப் போயி, கொழும்புக்குப் பேரு குடுத்துட்டு வந்து நிக்கிறான். சூளை வந்தா அதப் பாத்துக்கிட்டு இங்கயே கெடப்பான்னு இருந்தேன். அந்தோணி போன வழியில இவனும் போயிருவானோ.

— பெத்த மனசு அப்புடித்தான். நீங்க வெட்டுங்க. இந்தப் பக்கம் இன்னம் ரெண்டு வேரு இருக்கு.

— இந்தா, நறுக்கிட்டேன்.

— அக்கா, ஒங்ககிட்ட மறைக்கல. ஒட்டுக்கு மேல மண்ணு ஏறுனா செடி கெட்டுப்போயிரும்னு நான் இந்த ஊர்ல ஒருத்தர்கிட்டதான் சொன்னேன். நட்ட அன்னிக்கி, ஒங்க வாசல்ல நின்னு, அத்தான்கிட்ட.

— அதுக்கு?

— அவருதான ஒங்கள அணைக்கச் சொன்னாரு? தெரிஞ்சே ஏவி விட்டுருக்காரு. ஒங்க வெள்ள மனசு அவருக்கு வசதியாப் போச்சு. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும், சாமியாரு முன்னாடி, ஊரு முன்னாடி கேக்கத்தான் போறேன்.

— கேக்காத அருளு.

— புருசன்னு பாக்குறீங்களா?

— அவரு எதுவுமே சொல்லல. அருளு தோட்டத்துல கை வைக்காதன்னுதான் சொல்லிட்டு இருந்தாரு. அஞ்சாவது வரிசையோட எனக்குக் கை வலிக்கல தாயி, கை ஓடல.

— என்னக்கா சொல்றீங்க?

— அன்னிக்கி நீ வாசல்ல நின்னு சொன்னப்ப, உள்ள மொளகா அரைச்சுக்கிட்டு இருந்தேன். அம்மிய நிறுத்திட்டுக் கேட்டேன்.