பத்து என்று எழுதிய குப்பி

எங்கள் பல்கலைக்கழகத்தின் பொதுக் கருவிக்கூடத்தில் செருப்போடு யாரும் நுழைந்ததில்லை. துணைவேந்தர் வந்தபோதும் வாசலிலேயே கழற்ற வைத்தேன். இருபத்தாறு வருடம் அந்தக் கூடம் என் பொறுப்பு. எந்தத் துறை ஆராய்ச்சியாளரும் முன்பதிவு செய்து, தன் முறை வந்ததும் அளந்துகொண்டு போகலாம். மாணவர்கள் எனக்குத் தராசு என்று பெயர் வைத்திருந்தார்கள். "தராசு வர்றாரு, மூச்சு விடாதீங்கடா, அதையும் எடை போட்டுருவாரு" என்பார்கள். நான் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

விசாரணைக்கு வந்திருக்கும் நீங்கள் கேட்பது ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் கருவியைப் பற்றி. அதற்குத் தானாக ஒன்றும் தெரியாது. தினமும் காலையில் அளவு தெரிந்த ஒரு கரைசலைக் கொடுத்து, இதுதான் பத்து என்று சொல்லவேண்டும். மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டுத்தான் எண் சொல்லும். அந்தக் கரைசலைத் தயாரித்தவன் நான். குப்பியில் என் கையெழுத்து இருந்தால் யாரும் மறுபடி சோதிப்பதில்லை.

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் சாப்பிடும் மருந்தில்தான் என் மகன் ஆய்வு செய்தான். அவன் உருவாக்கிய மாத்திரையைக் கொடுத்தால், ஒரு நாள் கழித்தும் எலியின் ரத்தத்தில் பத்து அலகு மருந்து தங்கும் என்பது அவனுடைய ஆய்வேடு. பட்டமும் பதவியும் அதில் வந்தவை. என் அப்பாவும் இங்கேதான் பேராசிரியராக இருந்தார். எங்கள் குடும்பத்தில் யாரும் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கியதில்லை.

போன வருடம் ஒரு மாணவி அதே சோதனையைச் செய்து பார்த்தாள்.

"ஐயா, எனக்கு எட்டுதான் வருது. அஞ்சு தடவை பாத்துட்டேன். உங்க பையன், அந்த அண்ணன், ஆய்வேட்டுல பத்துன்னு போட்டிருக்காங்க. நான்தான் எங்கயோ சொதப்புறேன் போல."

நல்ல பெண். அன்று மதியம் சாப்பிடும்போது மகனைக் கேட்டேன்.

"அந்தப் பொண்ணுக்கு எட்டுதான் வருதாம். நீ அளந்தியா?"

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "எட்டுக்கும் பத்துக்கும் நடுவுல என்னப்பா பெரிய தூரம்?" என்றான்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"இல்லப்பா."

"அப்போ சாப்பிடு."

மறுநாள் காலையில் குப்பியில் எட்டு அலகுக் கரைசலை ஊற்றி, மேலே பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாணவிக்குப் பத்து வந்தது. என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். இனிமேல் கவனமாக இருக்கச் சொல்லி அனுப்பினேன். ஒரு எண்ணுக்காக மூன்று தலைமுறையின் பெயரை வாசலில் போட்டு மிதிக்கவிட முடியாது.

பல்கலைக்கழக மருத்துவமனையின் குழந்தைகள் வார்டிலிருந்தும் அந்தக் கருவிக்குத்தான் ரத்தம் வரும். மாற்றுச் சிறுநீரகம் வைத்த குழந்தைகள், மருந்தும் அதேதான். எட்டு இருந்த குழந்தைக்குப் பத்து என்று அறிக்கை போனது. மருந்து கூடிவிட்டது என்று டாக்டர் குறைத்தார். குறைத்தால் உடம்பு புதுச் சிறுநீரகத்தை ஏற்காது. அது எனக்குத் தெரியும்.

ஒருமுறை டாக்டர் போன் செய்தார். "சார், அந்தப் பாப்பாவுக்குக் காலெல்லாம் வீங்கியிருக்கு. ரிப்போர்ட்ட இன்னொரு தடவை பாத்துடுறீங்களா?"

பார்த்தேன். அதே குப்பியை வைத்துத்தான் பார்த்தேன். "சரியாத்தான் இருக்கு டாக்டர்" என்றேன்.

அதற்குப் பிறகும் ஐந்து மாதம், தினமும் காலையில், எட்டைத்தான் ஊற்றினேன். கை தவறி அல்ல. மூன்று குழந்தைகள் இறந்தார்கள். பெயர்களை வாசித்தீர்கள், கேட்டுக்கொண்டேன்.

இப்போது என் மகன் எழுதிக்கொடுத்தது என்று ஒரு தாளை நீட்டுகிறீர்கள். தான் அளக்கவே இல்லை, பத்து என்பது தானே இட்ட எண் என்று அதில் இருக்கிறது. கையெழுத்து அவனுடையது மாதிரிதான் தெரிகிறது. பிள்ளை பயந்துபோயிருக்கிறான், அவ்வளவுதான். என் கருவியில் யாரை வேண்டுமானாலும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பத்துதான் வரும்.